மேசை ரோல்பிளே விளையாட்டின் விதிப்புத்தகத்தில் பக்கங்களை எப்படி அமைப்பது?

விதிகளை எழுதியாயிற்று, பக்கங்களை எப்படி அடுக்குவது என்று கேட்கிறீர்கள். மேசை ரோல்பிளே என்பது சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதாபாத்திரங்களாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதன் விதிப்புத்தகத்தை யாரும் நாவல் மாதிரி வாசிப்பதில்லை. ஆட்டம் சூடாக இருக்கும்போது ஒருவர் "அரக்கனைப் பிடித்து அமுக்குகிறேன்" என்பார். ஆட்டத்தை நடத்துபவர் ஒரு கையில் பகடையோடு மறுகையால் பக்கம் புரட்டுவார். அமுக்குவதற்கான விதி பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த தாளுக்கு ஓடினால் ஆட்டம் படுத்துவிடும். அதனால் ஒவ்வொரு விஷயமும் இடப்பக்கம் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடியட்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டின் 1981 பதிப்பு விதிகளை, 2019-இல் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற விதிப்புத்தகம் பெரும்பாலும் இப்படித்தான் மறுபடி அடுக்கித் தந்தது.

இடம் போதவில்லையா? எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியத்தை வெட்டுங்கள் (வலிக்கும்தான்). அப்புறம், நடுவில் பின் அடிக்கும் புத்தகமானால் மொத்தப் பக்கங்கள் 4-இன் மடங்காக வர வேண்டும். மிஞ்சும் பக்கத்தில் கதாபாத்திரத் தாளை (ஆடுபவர் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் படிவம்) போடலாம்.