பதில் நாக்கில் இருக்கிறது, பழக்கம் கையில் இல்லை

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரை 22 பிள்ளைகள். சுகாதாரம் பற்றிப் படம் காட்டிக் கேட்டால் எல்லாரும் சரியாகப் பதில் சொல்கிறார்கள். குழாயடிக்குப் போனால் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடிவருகிறார்கள். வளவில் கிணறும் இருக்கிறது. மாரி தொடங்கப் போகிறது. செய்து பழக்கக்கூடிய செயற்பாடுகள் சொல்வீர்களா?

பதில்:

படத்தைப் பார்த்துப் பதில் சொல்வது நாக்குக்கான பயிற்சி. இந்த வயதில் கைக்கு வேண்டிய பழக்கம், அது தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் செய்தால்தான் ஊறும். ஆகவே பாடத்தை வகுப்பறையிலிருந்து குழாயடிக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் குழாயைப் பாருங்கள். அது பிள்ளையின் முழங்கை மட்டத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் கை வழியே இறங்கிச் சட்டைக்குள் போகும்; பிள்ளை ஓடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். நான்கு வயதுப் பிள்ளைக்கு நிலத்திலிருந்து 55 சென்ரிமீற்றர் அளவில் குழாய் இருந்தால் நல்லது. மாற்ற வழியில்லையென்றால் வழுக்காத, அகலமான ஒரு படி வையுங்கள்.

இனிக் கரி விளையாட்டு. சிரட்டைக் கரியை இடித்து மெல்லிய துணியில் சலித்து, 2 தேக்கரண்டித் தூளை 4 தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் குழையுங்கள். இதைப் பிள்ளைகள் வருமுன் செய்துவிடுங்கள். உலர்ந்த தூள் பறந்தால் மூக்கிலும் கண்ணிலும் போகும். நாலு நாலு பேராகக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கடலை அளவு கொடுத்து இரு கைகளிலும் பூசச் செய்யுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் கழுவட்டும். எண்ணெய் தண்ணீரோடு போகாது, கரி அப்படியே நிற்கும். பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்க்கட்டும். எங்கே கறுப்பு மிஞ்சுகிறது என்று அவர்களே தேடிச் சொல்ல வேண்டும். பெருவிரலின் அடி, விரலிடுக்கு, நகநுனி, புறங்கை என்று நாள்தோறும் தவறவிடும் இடங்கள் எல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும். நீங்கள் சுட்டிக்காட்டாமல் பொறுத்திருங்கள், பிள்ளை தானாகக் கண்டுபிடித்த கறுப்புத்தான் நினைவில் நிற்கும்.

கரிக்குப் பதிலாக மஞ்சள் தூளைப் பாவிக்க வேண்டாம். அது தோலில் சாயமாக ஏறிவிடும், சவர்க்காரம் பட்டதும் சிவக்கவும் செய்யும். நன்றாகத் தேய்த்த பிள்ளையின் கைதான் கூடச் சிவந்திருக்கும். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர்மாறான பாடம் அது. தட்டில் தண்ணீர் விட்டு மிளகுத்தூள் தூவி, சவர்க்காரம் தொட்ட விரலை வைத்ததும் தூள் விலகி ஓடுவதைக் காட்டும் வேடிக்கையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தூள் விலகுவது நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால். அதைப் பார்த்த பிள்ளை, சவர்க்காரத்தைத் தொட்டாலே கிருமி ஓடிவிடும் என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் தேய்ப்புத்தான் அழுக்கைக் கிளப்புகிறது, தண்ணீர் கொண்டுபோகிறது.

இன்னொன்று, யாழ்ப்பாணத்துக்கென்றே உள்ளது. சுண்ணக்கல்லிலிருந்து ஊறும் நம் கிணற்று நீர் வன்னீர். கட்டிச் சவர்க்காரம் அதில் எளிதில் நுரைக்காது, வெள்ளைக் கசடு மிதக்கும். நுரை வந்தால்தான் சுத்தம் என்று பழகிய பிள்ளை மேலும் மேலும் சவர்க்காரம் எடுத்துச் சலித்துப் போகும். ஆகவே நுரையைப் பார்க்க விடாமல் எண்ணப் பழக்குங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகநுனி: இந்த ஐந்தையும் இதே ஒழுங்கில் ராகம் போட்டுச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரை ஆறுதலாக எண்ணித் தேய்த்தால் தேவையான 20 செக்கன் வந்துவிடும். கட்டிச் சவர்க்காரத்தை ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயருகே கட்டித் தொங்கவிட்டால் மணலில் விழாது, தண்ணீரில் ஊறிக் கரையாது. அமுக்கிப் போத்தல் என்றால் அதன் கழுத்தில் ஒரு இறப்பர் வளையத்தைப் பலமுறை சுற்றிவிடுங்கள். அமுக்கும் ஆழம் குறைந்து, ஒருமுறைக்குச் சிறிதளவே வரும்.

துடைப்பதற்கு ஒரே துவாயைத் தொங்கவிட்டால் பட்ட பாடு வீண். ஆளுக்கொரு கைலேஞ்சி, அதற்குப் பெயரோ படமோ ஒட்டிய கொளுக்கி. நாள்தோறும் வீட்டில் தோய்த்து வர வேண்டும். கரி விளையாட்டு மாதம் ஒருமுறை போதும். ஆனால் சாப்பாட்டுக்கு முன்பும் மலசலகூடம் போய் வந்த பின்பும் கழுவுவது ஒருநாளும் தவறக்கூடாது. அவசரத்தில் ஒருநாள் விட்டால், விடலாம் என்பதையும் பிள்ளை படித்துவிடும்.

கிணறு வேறு விதமான விசயம். அங்கே பிழை விட்டுத் திருத்திப் படிக்க இடமில்லை, ஆகவே பாரம் முழுவதும் பெரியவர்கள் மேல். கட்டின் உயரத்தைப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு மீற்றருக்குக் குறையக்கூடாது. பல வளவுகளில் கட்டு உயரமாக இருக்கும், பக்கத்தில் உடுப்புத் தோய்க்கும் கல் ஏணிப்படியாக நிற்கும். அந்தக் கல்லையும் கவிழ்த்து வைத்த வாளியையும் அப்புறப்படுத்துங்கள். மேலே இரும்புச் சட்டத்தில் வலை அடித்துப் பூட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் வாளியையும் பாவித்ததும் கவிழ்த்து வையுங்கள். சில அங்குலத் தண்ணீரிலும் சிறுபிள்ளை மூழ்கும்.

பிள்ளைக்குப் பழக்க வேண்டியது ஒரே ஒரு செயல். கிணற்றைச் சுற்றி 3 மீற்றர் தள்ளி வேலி அல்லது கயிறு கட்டி, அதன் வெளிப்புறம் சுண்ணாம்பால் தடித்த கோடு போடுங்கள். நீங்கள் கோட்டில் நின்றுகொண்டு பந்தைக் கிணற்றுப் பக்கம் உருட்டிவிடுங்கள். பிள்ளை ஓடிவந்து, கோட்டில் கால் படாமல் நின்று, “ரீச்சர், பந்து!” என்று கூப்பிட வேண்டும். பந்தை எடுத்துக் கொடுப்பது எப்போதும் பெரியவர்தான். கிணற்றடியில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் எதையோ எட்டியோ துரத்தியோ போகும்போதுதான். வெறுமனே “கிட்டப் போகாதே” என்று சொல்லி வைத்தது அந்த நொடியில் காதில் விழாது. பத்து, இருபது தரம் நின்று பழகிய கால் நிற்கும்.

நஞ்சுப் பொருட்களுக்கும் இதே முறைதான். மருந்து, இனிப்பு, புளீச்சிங் தூள், சீனி என்று கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லும் செயற்பாட்டைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணால் பார்த்துப் பிரித்தறியலாம் என்ற துணிவைத்தான் அது கொடுக்கும். “வாயில் வைக்க முன் கேள்” என்பதையே நடித்துப் பழக்குங்கள். மஞ்சள் அலரி உங்கள் வேலியில் நின்றால் வெட்டிவிடுங்கள், அதன் விதை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கோயில் வீதியில் காணக்கூடும் என்பதால் காயை மூடிய கண்ணாடிப் போத்தலில் வைத்துத் தூரத்தில் காட்டலாம். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஒருபோதும் வைக்க வேண்டாமென்று பெற்றோருக்கும் சொல்லுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணாதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. போத்தலையோ காயையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்சுக்கு 1990.

நிலத்தில் அறியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் நின்று, வந்த வழியே திரும்பிப் பெரியவருக்குச் சொல்வதையும் இதே போல நடித்துக் காட்டுங்கள். குண்டு போன்ற மாதிரியைக் கையில் கொடுக்காதீர்கள், அது விளையாட்டுச் சாமானாகிவிடும்.

மாரிக்கு: வெள்ளிதோறும் வளவில் தண்ணீர் தேடும் நடை வையுங்கள். பிள்ளைகள் சிரட்டை, யோகட் கப், பூச்சாடித் தட்டு ஆகியவற்றைக் கண்டுபிடித்து விரலால் காட்டட்டும், கவிழ்ப்பது நீங்கள். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். உட்புறத்தைத் தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்பதையும் தள்ளிப் போடாதீர்கள். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான் எடுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் தொடங்காதீர்கள். கிணற்றுக்கு வலையும் கோடும் நாளைக்கே. கை கழுவுதல் முதல் மாதம் முழுவதும். பிறகு ஒருநாள் எதுவும் நினைவூட்டாமல், குழாயடிக்குத் தள்ளி நின்று, யார் யார் பெருவிரலைத் தேய்க்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். பாதிப் பேருக்கு மேல் தேய்க்கவில்லையென்றால் பிள்ளைகளைக் கண்டிக்காமல் குழாயின் உயரம், சவர்க்காரம் இருக்கும் இடம், வரிசையின் நீளம் ஆகிய மூன்றையும் திரும்பப் பாருங்கள்.