காலையில் முதல் அடி வைத்தாலே குதிகால் சுரீர் என்கிறதே?

கேள்வி: வயது 52. உணவங்காடிக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அதை வெட்டி எடுக்க வேண்டுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். அந்த முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. பெரும்பாலும் பழி மட்டும் அதற்கு. நீங்கள் சொல்வது ‘பிளாண்டர் ஃபேசியைட்டிஸ்’ போலத் தெரிகிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடி, பாத வளைவைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை, எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. இரவில் பாதம் தளர்ந்து கிடக்கும். எழுந்து ஊன்றியதும் பட்டை திடீரென இழுபடுவதால்தான் அந்தச் சுரீர்.

கட்டிலைவிட்டு இறங்குமுன் வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கணுக்காலை நோக்கி இழுத்து 10 வினாடி பிடியுங்கள். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. கெண்டைக்கால் இறுகியிருந்தால் பட்டைக்குச் சுமை கூடும். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் 30 வினாடி நில்லுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பளிங்குத் தரையில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். தட்டையான ரப்பர் செருப்பும் உதவாது. வளைவைத் தாங்கும் மெத்தென்ற காலணி வேண்டும். ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்படாதீர்கள். வலி சீக்கிரம் அடங்கும், ஆனால் பட்டை அறுபடவோ குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவோ வாய்ப்புண்டு.

குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரைப் பாருங்கள்.