கோள்வகை நெபுலாவின் நிறமாலைக் கோடுகளுடைய வடிவத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

கோள்வகை நெபுலா என்பது முதிர்ந்த விண்மீன் உதறிய வாயுக் கூடு, அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் சில அலைநீளங்களில் மட்டும் பிரகாசமான கோடுகள் தெரியும். கோடு எந்த அலைநீளத்தில் விழுகிறது என்பதிலிருந்து தனிமத்தைக் கண்டுபிடிக்கலாம், அது புரிகிறது, ஆனால் கோட்டின் வடிவத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கோட்டின் அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெப்பநிலையைச் சொல்ல முடியாது, குறைந்தது இரண்டாவது கோடு வேண்டும்.

முதலில் கோடு ஏன் அகலமாகிறது என்று பார்ப்போம். வாயுவில் உள்ள அணுக்கள் வெப்பத்தால் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன, நம்மை நோக்கி வருபவை கொஞ்சம் நீலப் பக்கமும் விலகிப் போகிறவை சிவப்புப் பக்கமும் தள்ளித் தெரியும். இந்த டாப்ளர் அகலம் அணு கனமாக ஆகக் குறையும். 10,000 கெல்வினில், கோட்டின் பாதி உயரத்தில் அகலத்தை அளந்து வேகமாக மாற்றினால், ஹைட்ரஜனுக்கு வினாடிக்குச் சுமார் 21 கி.மீ., நைட்ரஜனுக்கு 6 கி.மீ.கூட வராது. ஆனால் வாயுவில் கொந்தளிப்பும் இருக்கும், அது லேசான அணு, கனமான அணு என்று பார்க்காமல் எல்லாக் கோட்டையும் ஒரே அளவு அகலமாக்கும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. கருவி சேர்க்கும் அகலத்தைக் கழித்தபின் ஹைட்ரஜன் ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு) வினாடிக்கு 26 கி.மீ., பக்கத்திலேயே இருக்கும் நைட்ரஜன் கோடு 16 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக நான் எடுத்த எண்கள்). அகலங்களை அப்படியே கழிக்கக் கூடாது, வர்க்கப்படுத்திக் கழிக்க வேண்டும்: 676லிருந்து 256 போனால் 420. கொந்தளிப்பு இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அது அடிபட்டுப் போய் வெப்பம் மட்டும் மிஞ்சும், கிட்டத்தட்ட 10,000 கெல்வின். அந்த வெப்பநிலையை வைத்து நைட்ரஜன் கோட்டின் வெப்ப அகலத்தை எடுத்துவிட்டால் கொந்தளிப்பு வினாடிக்குச் சுமார் 15 கி.மீ. என்று வரும். ஒரு தெர்மாமீட்டரும் அங்கே போகவில்லை!

நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக வராது. ஹைட்ரஜன் ஆல்ஃபா என்பதே நெருக்கமான பல நுண்கோடுகளின் கூட்டு, அதற்கும் தனியாகக் கழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஹைட்ரஜன் நெபுலா முழுவதிலிருந்தும் ஒளிர்கிறது, நைட்ரஜன் கோடோ பெரும்பாலும் வெளி ஓரத்திலிருந்து வருகிறது, ஆகவே இரண்டும் ஒரே வாயுவைத்தான் காட்டுகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

அப்புறம் விரிவு. நெபுலாவின் நடுவில் நிறமாலைமானியின் பிளவை (ஒளி நுழையும் மெல்லிய இடுக்கை) வைத்தால் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும்: முன்பக்கச் சுவர் நம்மை நோக்கி வருகிறது, பின்பக்கச் சுவர் விலகுகிறது. விரிவு வேகம் வினாடிக்கு 20 கி.மீ. என்றால், 500.7 நானோமீட்டரில் உள்ள ஆக்சிஜனின் பச்சைக் கோட்டில் இந்த இடைவெளி வெறும் 0.067 நானோமீட்டர். (1864இல் வானியலாளர் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவில் பார்த்துக் குழம்பிய கோடு இதுதான். 'நெபுலியம்' என்ற புதுத் தனிமமாக இருக்கும் என்றார்கள், 1927இல் இயற்பியலாளர் போவன்தான் அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று விளக்கினார்.) 1950இல் வானியலாளர் ஓலின் வில்சன், அதிகம் அயனியான (அதாவது அதிக எலக்ட்ரான்களை இழந்த) அணுக்களின் கோடுகள் குறைவாகப் பிரிகின்றன என்று காட்டினார். அத்தகைய அயனிகள் மைய விண்மீனுக்கு அருகில் இருப்பவை, அதாவது உள்ளே மெதுவாகவும் வெளியே வேகமாகவும் வாயு நகர்கிறது. ஒவ்வொரு அயனியும் ஓர் அடுக்கின் வேகத்தைச் சொல்லிவிடுகிறது.

அடர்த்தியை மட்டும் வடிவத்திலிருந்து எடுக்க முடியாது. வாயு அவ்வளவு மெலிது, மோதலால் வரும் அகலம் ஒளியியல் கோடுகளில் தெரியவே தெரியாது. அதற்குக் கந்தகத்தின் 671.6, 673.1 நானோமீட்டர் கோடுகளின் பிரகாச விகிதத்தைப் பார்க்க வேண்டும், மெலிந்த வாயுவில் சுமார் 1.4, அடர்த்தி கூடக் கூட 0.45 அளவுக்கு இறங்கும்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால், சிறிய தொலைநோக்கியில் மாட்டும் சாதாரண கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி) போதாது. அதில் தெரியும் அகலம் கருவியுடையதே தவிர நெபுலாவுடையது அல்ல, வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தைப் பிரித்துக் காட்டவே 30,000 பகுதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) வேண்டும். அதற்குப் பதில் ஆக்சிஜனின் 500.7, 495.9 நானோமீட்டர் கோடுகளின் பிரகாச விகிதம் 3க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள், அந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தால் சிறிய கருவிக்கும் அது எட்டும்.