ஒரே சொராரிட்டியில் அம்மாவும் மகளும்

கேள்வி: பதினான்கு வயதில் திருச்சியிலிருந்து டெக்சஸ் வந்தவள் நான். கல்லூரியில் தெற்காசியப் பெண்களின் சொராரிட்டி (மாணவிகள் சங்கம்) ஒன்றில் சேர்ந்தேன். இன்றைக்கும் என் நெருங்கிய தோழிகள் அங்கே கிடைத்தவர்கள்தான். இப்போது வேறொரு ஊரில் படிக்கும் என் மகளும் அதே சொராரிட்டியில் சேர்கிறாள். நான் வற்புறுத்தவில்லை, அவளாகத்தான் விண்ணப்பித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே இல்லை. அவள் எப்படிச் செய்கிறாள் என்று அவர்கள் கிளையின் தலைவியிடம்கூட போனில் விசாரித்தேன். அடுத்த மாதம் புதியவர்களை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி. அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் என் பழைய சொராரிட்டி ஜாக்கெட்டை (மேல்கோட்டு) மேடையில் நானே அவளுக்குப் போட்டுவிட ஆசை. அவளோ, "வாம்மா, ஆனா அப்பாகூட கீழே உட்காரு. நானும் மெம்பர்தான்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்கிறாள். எனக்கு அங்கே உரிமை இல்லையா?
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: உரிமை இருக்கிறது. சேர்ந்தவர் ஆயுளுக்கும் உறுப்பினர்தான், அதை மகளே நினைத்தாலும் பறிக்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஜாக்கெட் அல்ல, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த போன்தான். உங்களைப் போன்ற மூத்த உறுப்பினர் ஒருவர் கூப்பிட்டு "என் பொண்ணு எப்படிப் பண்றா?" என்று கேட்டால், இருபது வயதுத் தலைவியின் காதில் அது விசாரிப்பாக விழாது, சிபாரிசாகத்தான் விழும். கூடச் சேர்கிற பெண்களுக்கு விஷயம் போக எவ்வளவு நேரம் ஆகும்? 'அம்மா மெம்பர், அதான் எடுத்துக்கிட்டாங்க' என்ற பேச்சை உங்கள் மகள் ஏற்கெனவே கேட்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். யாரிடமும் சொல்லாதே என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அவள் உங்களை நினைத்து வெட்கப்படவில்லை. தானாக விண்ணப்பித்துக் கிடைத்த இடம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்கிறாள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் மட்டும் சேரும், கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கங்கள்தான் சொராரிட்டிகள். 1870-ல் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா போன்ற பழைய சங்கங்களில் பாட்டி, அம்மா, பேத்தி என்று வரிசையாகச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு. மகள் சேரும் நாளில் அம்மா தன் சங்கச் சின்னமான பின்னைக் குத்திவிடும் வழக்கமும் உண்டு. அப்படி வருகிறவளை 'லெகஸி' என்பார்கள், சேர்க்கையில் தனிச் சலுகையும் இருந்தது. 2020-க்குப் பிறகு அவற்றில் பல அந்தச் சலுகையை எடுத்துவிட்டன. நியாயம்தானே? பாட்டி காலத்தில் கறுப்பினப் பெண்களை உள்ளேயே விடாத இடத்தில், பேத்திக்கு முன்னுரிமை என்றால் யாருடைய பேத்திக்கு? 2013-ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க மாணவிகள் தயாராக இருந்தும் முன்னாள் உறுப்பினர்கள் குறுக்கே நின்றார்கள் என்று அங்குள்ள மாணவர் பத்திரிகை எழுதி, நாடே பேசியது. நீங்கள் அந்த ரகம் இல்லை. ஆனாலும் படித்து முடித்துப் போனவர்களின் போனுக்கு எவ்வளவு எடை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பெண்களின் சங்கங்களுக்கு வயது குறைவு. ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ, மூன்றுமே 1998-ல் தொடங்கியவை. அன்று சேர்ந்தவர்களின் மகள்கள் இப்போதுதான் கல்லூரி வயதுக்கு வருகிறார்கள். அதனால் அம்மா எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இன்னும் மாமூல் எதுவும் உருவாகியிருக்காது. இந்த வருடம் நீங்கள் மேடை ஏறினால் அடுத்த வருடம் இன்னொரு அம்மா ஏறுவார், கூடவே ஒரு பெரியம்மாவும். நம் குடும்பங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா!

அப்புறம், அவளுக்கென்று ஒரு 'பிக்' இருப்பாள். இத்தனை வாரமாகக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மூத்த மாணவி. ஜாக்கெட் போட்டுவிடும் சந்தோஷம் அந்தப் பெண்ணுக்குப் போகட்டும். அம்மா இல்லாத இடத்தில் மகளுக்குக் குடும்பம் கிடைப்பது குறையே இல்லை. சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலன் எந்தச் சொராரிட்டி வழியையும் காட்டாமலேயே, மகள் கமலா ஹாரிஸ் 1986-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். 2020-ல் துணை அதிபர் வேட்பாளராகப் பேசியபோது, என் குடும்பம் என்று அடுக்கிய பட்டியலில் சித்திகளும் வந்தார்கள், அந்தச் சொராரிட்டியும் வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் ஒதுங்க வேண்டாம். புதியவர்களைத் தூங்கவிடாமல் அலைக்கழிப்பது, குடிக்கச் சொல்வது, அவமானப்படுத்துவது போன்றவை எங்காவது நடந்தால், சங்கத்து ரகசியம் என்று நினைத்து அவள் உங்களிடமே மறைக்கக்கூடும். டெக்சஸில் அது குற்றம். அவளே சம்மதித்தாள் என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. "சடங்கு ரகசியத்தை நான் கேட்கவே மாட்டேன், ஆனா உன்னை யாராவது கஷ்டப்படுத்தினா உடனே சொல்லு" என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

நிகழ்ச்சியன்று கணவரோடு கீழே உட்கார்ந்து நன்றாகக் கைதட்டுங்கள். பழைய பாட்டு வந்தால் உங்கள் வாய் தானாக முணுமுணுக்கும், அதை யாரும் தடுக்க முடியாது. ஜாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அவள் கேட்கிற நாளில் கொடுக்கலாம். அந்தத் தலைவிக்கு மட்டும் இன்றே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: "அன்று அம்மாவின் பதற்றத்தில் கூப்பிட்டுவிட்டேன். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம், இனி கூப்பிட மாட்டேன்." அனுப்பியதை மகளிடமும் சொல்லிவிடுங்கள்.