செந்தூரா ஏன் சிதறுகிறது?

போச்சம்பள்ளி வாசகர் ஒருவரின் கேள்வி: "சந்தூரில் மாமா நடத்தும் மாங்கன்றுப் பண்ணைக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். முகப்பில் செந்தூரா, மல்கோவா, நீலம், பங்கனப்பள்ளி என ரகப் பெயர்கள் மாறி மாறி வர வேண்டும். இணையத்தில் கிடைத்த சிறிய ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் (தயார் நிரல் துண்டு) ஒன்றைச் சேர்த்தேன். ஆங்கிலச் சொற்கள் அழகாகச் சுழல்கின்றன. தமிழில் எழுத்துகள் உடைந்து புள்ளி வட்டங்கள் தெரிகின்றன. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை."

எழுத்துருவின் மேல் தவறில்லை. செந்தூரா என்பது நமக்கு நான்கு எழுத்து: செ, ந், தூ, ரா. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடிலோ எட்டுக் குறியீடு. ச தனி, அதன் ஒற்றைக்கொம்பு தனி, ந தனி, அதன் தலைப்புள்ளி தனி, இப்படியே கடைசித் துணைக்கால் வரை. உங்கள் மாட்யூல் அந்த எட்டையும் நறுக்கி, தனித்தனிப் பெட்டியில் வைத்து அசைக்கிறது. ச-வைப் பிரிந்த கொம்புக்கு ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாததால் புள்ளி வட்டம் வந்துவிடுகிறது.

எழுத்தெழுத்தாகத்தான் வர வேண்டுமென்றால் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும் Intl.Segmenter என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைக் கொண்டு பிரியுங்கள். உலாவியிலேயே இருக்கிறது, 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் க்ஷ-வை அதுவும் க், ஷ என்று இரண்டாக்கிவிடும்.

என்னைக் கேட்டால், தமிழுக்கு முழுச் சொல்லாக மாற்றுவதே அழகு. பழைய சொல் மங்க, புதியது சற்றே கீழிருந்து எழுந்து வரட்டும். இதற்கு வெளி மாட்யூலே வேண்டாம். இருபது வரி போதும். பழைய சுழல் மாட்யூல்கள் பல ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தையும் கூடவே இழுத்து வருபவை. நான்கு மாம்பழப் பெயருக்காகத் தோப்பில் நிற்பவரின் கைப்பேசியில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். அந்த இருபது வரியைத் தனி மாட்யூல் கோப்பாக எழுதினால், பக்கத்தை நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் அது ஓடாது. கணினியிலேயே ஒரு சிறிய சர்வர் வழியாகத் திறந்து பாருங்கள்.

அடுத்தது அகலம். நீலம் போய் பங்கனப்பள்ளி வரும்போது சிறிய திரையில் வரி இரண்டாக மடங்கும். கீழே உள்ள 'அழைக்க' பொத்தான் சரிந்து இறங்கும். தொடப்போன விரல் வேறெங்கோ படும். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் கோளாறு இதுதான். எல்லாப் பெயர்களையும் சிஎஸ்எஸ் கிரிட்டின் (பக்கத்தைக் கட்டங்களாக அமைக்கும் முறை) ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். நீளமான பெயருக்கு வேண்டிய இடம் முதலிலேயே ஒதுக்கப்பட்டுவிடும், எதுவும் குதிக்காது. அசைவுக்கு ஒபாசிட்டி (மங்கல்), டிரான்ஸ்ஃபார்ம் (இடமாற்றம்) இரண்டை மட்டும் தொடுங்கள். பழைய கைப்பேசியிலும் திணறாது.

ஒரு பெயருக்கு மூன்று வினாடி கொடுங்கள். தானாகத் தொடங்கி ஐந்து வினாடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்த வழி வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. எனவே பக்கத்தில் ஒரு நிறுத்தப் பொத்தான் வையுங்கள். அசைவைக் குறைக்கச் சொல்லிக் கைப்பேசியில் அமைத்திருப்பவருக்குச் சுழற்சியே வேண்டாம், முதல் பெயர் நின்றால் போதும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் நான்கு பெயரையும் கலந்து படிக்காமலிருக்க, சுழலும் பகுதியை அதனிடமிருந்து மறைக்கும் aria-hidden குறிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

மல்கோவாக் கன்று தேடி வருபவர் அந்தப் பெயர் சுழன்று வரும்வரை காத்திருக்க மாட்டார். எல்லா ரகங்களையும், கன்று விலையோடு, கீழே அசையாத பட்டியலாகவும் போடுங்கள். அந்தப் பட்டியலை முதலில் செய்யுங்கள். சுழற்சியைப் பிறகு சேர்க்கலாம்.