பதின்வயதினரோடு கலாபகஸ் தீவுகளுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. அடுத்த ஆண்டு குடும்பத்தோடு ஒரு வாரம் சிறு கப்பலில் கலாபகஸ் தீவுகளைச் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். விலங்கு, பறவை என்றால் மகள் உயிரை விடுவாள். மகனோ, நீர்ச்சறுக்கும் திரையரங்கும் உள்ள பெரிய கப்பல்தான் வேண்டும், பதினாறு பேர் போகும் படகில் அடைபட்டுக் கிடக்க முடியாது என்கிறான். அவனை வற்புறுத்தி அழைத்துப் போவது சரியா? (வாசகி, டாலஸ்)

பதில்: மகன் கேட்கிற கப்பல் அந்தத் தீவுகளுக்குள் நுழையவே முடியாது என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் உள்ள இத்தீவுக்கூட்டத்தில் ஒரு கப்பலுக்கு 100 பயணிகளுக்கு மேல் அனுமதி இல்லை. அங்கே ஓடுகிற படகுகளில் பல, நீங்கள் சொல்வதுபோல் 16 பேரை மட்டுமே ஏற்றுபவை. நிலப்பரப்பில் 97 விழுக்காடு 1959-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால், உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் 16 பேருக்கு மிகாத குழுவை அழைத்துக்கொண்டு, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் மட்டுமே கரையிறக்க முடியும்.

அடைபட்டுக் கிடப்போம் என்ற அச்சத்துக்கு அன்றாட நிரலே விடை சொல்லும். காலை உணவு முடிந்ததும், அங்குள்ளோர் பங்கா என்று அழைக்கும் சிறுபடகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். சில இடங்களில் பாறைமேல் கால் நனையாமல் இறங்கலாம், சில இடங்களில் முழங்கால் அளவு நீரில் குதித்துத்தான் நடக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேர நடை, பிறகு கடலில் ஸ்நார்க்கெல் (முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்த) நீச்சல், மதிய உணவு, சிறு ஓய்வு, மறுபடி ஒரு கரையிறக்கம். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. இரவில் வழிகாட்டி மறுநாள் நிகழ்ச்சிகளை விளக்கி முடித்ததும் கப்பல் அடுத்த தீவை நோக்கிப் புறப்படும். பகலில் உங்கள் மகனுக்கு அலுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. இரவு உணவுக்குப் பிறகுதான் சிக்கல்: உடன் வருகிற பன்னிரண்டு பேரும் ஓய்வுபெற்ற தம்பதிகளாக இருந்தால், பேச ஆளில்லாமல் அவன் எட்டு மணிக்கே அறைக்குள் போய்ப் படுத்துவிடுவான். ஆகவே, பள்ளி விடுமுறையை ஒட்டி, குடும்பங்களுக்கென்றே அறிவிக்கப்படும் பயணத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். அது கிடைக்காவிட்டால், உங்களைப் போன்ற இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இயலாதென்றால், 40 பேருக்கு மேல் ஏற்றும் கப்பலே உங்கள் வீட்டுக்குப் பொருத்தம் என்பேன், சிறு படகின் நெருக்கத்தில் ஓர் அழகு இருக்கிறது என்றாலும்.

வனவிலங்குப் பயணம் என்றதும் பிள்ளைகள் முகம் சுளிப்பதற்குக் காரணம், பெரும்பாலான காடுகளில் மணிக்கணக்காகக் காத்திருந்தும் ஒரு வால்கூடக் கண்ணில் படாமல் போவதுதான். கலாபகசில் காத்திருப்பே இல்லை. பெரிய நிலவாழ் வேட்டை விலங்குகள் இல்லாத தீவுகளில் வளர்ந்த உயிர்கள் ஆதலால், அவை மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. கடல் உடும்பு கரும்பாறையில் வெயில் காய்ந்தபடி, பாசியோடு விழுங்கிய உப்பை மூக்கின் வழியே பீச்சித் தும்முவதையும், அந்த உப்பு அதன் தலைமேல் வெள்ளையாகப் படிந்து கிடப்பதையும் சில அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். நீலக்கால் பூபி என்ற கடற்பறவை நடைபாதை நடுவிலேயே முட்டையிட்டு அமர்ந்திருக்கும். நாம்தான் சுற்றிப் போக வேண்டும். எஸ்பனோலா தீவின் பாடும் பறவை ஒன்று தண்ணீர்ப் புட்டியைக் கண்டால் குறுகுறுவென்று காலடிக்கே வந்துவிடும். தாகத்துக்குத்தான் வருகிறது என்றாலும், கொடுக்கக் கூடாது. 1835-இல் 26 வயது இளைஞராக அங்கே வந்திறங்கிய டார்வினுக்கு, தீவுக்குத் தீவு வேறுபட்ட இந்த இனப் பறவைகள்தாம் முதல் ஐயத்தை எழுப்பின. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பரிணாமப் பாடத்தை மகன் அங்கே தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் இரு மகள்களுக்கும் நீச்சல் தெரியாது. அவர்களுக்கு இந்தப் பயணம் வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது, ஆனால் பாதிதான் கிடைக்கும். கடற்சிங்கக் குட்டிகள் தலைகீழாகச் சுழன்று விளையாடுவதும், கடலாமை அருகிலேயே பாசி மேய்வதும், பெங்குயின் அம்புபோல் பாய்வதும் நீருக்கு அடியில்தான். பயணத்துக்கென ஒதுக்கிய பணத்தில் புதிய கேமரா வாங்குவதற்கு முன், ஆறு மாதம் நீச்சல் வகுப்புக்கு அனுப்புங்கள் என்பதே நான் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. பந்தயத்தில் வெல்லும் அளவுக்குத் தேவையில்லை. முகத்தை நீருக்குள் வைத்து, குழாய் வழியே பதற்றமின்றி மூச்சுவிடத் தெரிந்தால் போதும். அந்தப் பயிற்சியை உள்ளூர் நீச்சல் குளத்திலேயே, சொந்தமாக வாங்கிய கண்ணாடியோடு முடித்துவிட வேண்டும். முகத்துக்குப் பொருந்தாத கண்ணாடிக்குள் உப்புநீர் புகுந்த முதல் நாளே, இனி இறங்கமாட்டேன் என்று கரையேறிவிடுகிற பிள்ளைகள் உண்டு. மிதவைச் சட்டை கேட்டால் கொடுப்பார்கள். நீந்துவோர் பின்னாலேயே பங்காவும் வரும். நில நடுக்கோட்டில் இருந்தாலும் சில மாதங்களில் நீர் குளிரும் என்பதால், குளிர் தாங்கும் நீச்சலுடையான வெட்சூட் வாடகைக்குக் கிடைக்குமா, சிறுவர் அளவு உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். நீரில் இறங்கவே மறுப்பவர்களுக்காக, அடித்தளம் கண்ணாடியாலான படகைச் சில கப்பல்கள் வைத்திருக்கின்றன.

கேள்வி: எந்த மாதத்தில் போகலாம்? மகனுக்குப் பேருந்திலேயே வாந்தி வரும்.

பதில்: ஜனவரி முதல் மே வரை வெயிலும் இடையிடையே மழையும் இருக்கும், கடல் பெரும்பாலும் அமைதியாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் வலுத்து, வானம் மூட்டமாகி, அலை கூடும். உணவு பெருகுவதால் கடல்வாழ் உயிர்களின் நடமாட்டமும் அப்போதுதான் கூடும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை அமைதியான பருவத்தின் கடைசியில் வந்து விழுகிறது. அது ஒரு வாய்ப்பு: ஏப்ரலில் எஸ்பனோலாவுக்குத் திரும்பும் ஆல்பட்ராஸ் பறவைகள் அலகோடு அலகு மோதி ஆடும் காதல் நடனத்தையும் அப்போது பார்க்கலாம். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜூன், ஜூலைதான் வாய்க்கும். அதிலும் குறையில்லை, அலையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாந்திக்கு, இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகைப் படகும், கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையும் நல்லவை. மேல்தளத்தின் அழகான பெரிய அறைதான் அதிகம் ஆடும். நீண்ட கடற்பயணங்கள் இரவில் நடப்பதால், மாத்திரையை வாந்தி வந்த பிறகு அல்ல, இரவு உணவுக்கு முன்பே கொடுக்க வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதைக் குடும்ப மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சிலருக்குத் தூக்கம் அமுக்கிவிடும்.

கேள்வி: கைப்பேசி இல்லாமல் என் மகளால் ஒரு மணி நேரமும் இருக்க முடியாது. கப்பலில் இணையம் கிடைக்குமா?

பதில்: சில கப்பல்களில் செயற்கைக்கோள் இணையம் உண்டு, சிலவற்றில் இல்லை. என்னைக் கேட்டால், இல்லாத கப்பலைப் பரிந்துரைப்பேன். ஆனால் அதைப் புறப்படும் முன்பே மகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கப்பலில் ஏறிய பின் தெரியவந்தால் அது வஞ்சனையாகத் தோன்றும். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், அது அவளுடைய கேமரா. உயிரினங்களிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும், பிளாஷ் கூடாது, டிரோன் கூடாது என்ற விதிகளுக்குள் படமெடுப்பதே ஒரு சவால். தானாக நெருங்கி வரும் கடற்சிங்கக் குட்டியைக்கூடத் தொடக் கூடாது. தாய் தன் குட்டியை மணத்தாலும் குரலாலும் அறிந்துகொள்கிறது. புளோரியானா தீவுக்குப் போகும் பாதையானால், திமிங்கில வேட்டைக் கப்பல்களின் காலத்தில் தொடங்கிய அஞ்சல் பீப்பாய் ஒன்று அங்கே உண்டு. அஞ்சல்தலை ஒட்டாமல் அட்டையைப் போட்டுவிட்டு, தன் ஊருக்கு அருகில் உள்ள முகவரிக்கு யாரோ எழுதிய அட்டையை எடுத்துவந்து நேரில் சேர்ப்பது அங்கே வழக்கம். மகளை அந்தக் கட்டு முழுவதையும் புரட்டித் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஊறுகாய், பொடி வகைகளை எடுத்துப் போகலாமா? பூங்காக் கட்டணம் எவ்வளவு?

பதில்: ஈக்வடாரின் கீட்டோ அல்லது குவாயாகில் விமான நிலையத்தில் தீவுக்குப் போகும் பெட்டிகளை எல்லாம் சோதித்து முத்திரையிடுவார்கள். அயல் விதையும் பூச்சியும் தீவுக்குள் நுழையாமல் தடுப்பதற்காக என்பதால், பழம், விதை, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவை வேண்டாம். ஆலையில் அடைத்து மூடிய பொட்டலங்களுக்குப் பொதுவாகத் தடை சொல்வதில்லை. கப்பல் சமையலறைக்கு முன்கூட்டியே எழுதும்போது, சைவம் என்று மட்டும் எழுதாமல் மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியே எழுதுங்கள். மீனைச் சைவக் கணக்கில் சேர்த்துவிடுகிற சமையற்காரர்கள் உலகெங்கும் உண்டு.

2024 ஆகஸ்ட் முதல் அயல்நாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 200 டாலர். பிள்ளைகளுக்கான சலுகைக் கட்டணமான 100 டாலர் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டுமே என்பதால், பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் முழுக் கட்டணம்தான். இதைப் பணமாகக் கையில் வைத்திருங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு அறைகள் தேவைப்படும். ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.