வயர் இழுப்பவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவர்: வாசகர் கேள்வி பதில்

கீழக்கரையில் மாடிவீடு கட்டுகிறோம். கணவர் துபாயில் இருக்கிறார். கொத்தனார் கூட்டிவந்த எலக்ட்ரீசியன் வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் உரிமம் இல்லை. "ஈபி சர்வீஸ் வாங்கும்போது ஒரு காண்ட்ராக்டர்கிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன், எல்லாரும் அப்படித்தான்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் என்று பாருங்கள். புது இணைப்புக்குக் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில், வயரிங்கைச் சோதித்துப் பார்த்தேன், பாதுகாப்பாக இருக்கிறது என்று காண்ட்ராக்டர் உறுதி கொடுக்கிறார். உங்கள் வீட்டு வாசலையே மிதிக்காதவர் எதைச் சோதித்திருப்பார்? நாளைக்கு ஷார்ட் சர்க்யூட் ஆனால் வயர் இழுத்தவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. தாளில் பெயர் உள்ளவருக்கு எந்தச் சுவரில் எந்தக் குழாய் போகிறது என்றே தெரியாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி (இப்போது நடைமுறையில் இருப்பவை 2023இல் வந்தவை), மின்னமைப்பு வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று உள்ளவர் நேரில் மேற்பார்வை பார்க்கவும் வேண்டும். நம் மாநிலத்தில் உரிமமும் சான்றும் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம், சென்னை கிண்டியில் இருக்கிறது.

இவை இரண்டும் வேறு வேறு தாள்கள், பலர் குழப்பிக்கொள்வார்கள். காண்ட்ராக்டர் உரிமம் தொழில் நடத்துபவருக்கானது. மேற்பார்வையாளர், வயர்மேன், வயர்மேன் உதவியாளர் ஆகியோருக்குத் தனித்தனியாகத் தகுதிச் சான்று உண்டு. "என்கிட்ட லைசன்ஸ் இருக்கு" என்று ஒருவர் எடுத்துக் காட்டுவது வயர்மேன் சான்றாக இருந்தால், அவர் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கத் தகுதியானவர், அவ்வளவே. அசலைக் கேட்டுப் பாருங்கள். பெயரும் உரிம எண்ணும் செல்லுபடி தேதியும் முக்கியம். உரிமத்தில் வகைகளும் உண்டு. எந்த அளவு வேலைவரை எடுக்கலாம் என்ற எல்லையைப் பார்த்துவிடுங்கள்.

கெட்டிக்காரரை அனுப்பிவிட வேண்டியதில்லை. உரிமம் உள்ள காண்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படையுங்கள், இவரிடம் வயர்மேன் அல்லது உதவியாளர் சான்று இருந்தால் அவருக்குக் கீழே வேலை செய்யட்டும். காண்ட்ராக்டர் மூன்று தடவையாவது வீட்டுக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்: கூரைக் கான்கிரீட்டுக்கு முன் குழாய் பதிக்கையில் ஒன்று, பூச்சுக்கு முன் ஒன்று, டிபி பாக்ஸ் (வீட்டு லைன்கள் பிரியும் சுவிட்சுப் பெட்டி) மாட்டிய பிறகு சோதனைக்கு ஒன்று. பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்துப் படமெடுத்துக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் படத்துக்கு மதிப்பு தெரியும்.

கூலியைப் பாயின்ட் கணக்கில் பேசினால், பாயின்ட் என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாடிப்படியின் இருவழி சுவிட்சு ஒரு பாயின்டா, இரண்டா? ஏசி பாயின்டுக்கு டிபியிலிருந்து தனி வயர் சேர்த்தியா? சண்டை முளைப்பது இந்த இடத்தில்தான். வயர் அளவையும் எழுதுங்கள். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் ஒன்றரை டன் ஏசிக்கும் 2.5, டிபியிலிருந்து தூரம் அதிகமானால் 4. எர்த் வயர் பச்சை நிறத்தில், அதே அளவில், எல்லாச் சாக்கெட்டுக்கும். பத்தில் ஒரு பங்குப் பணத்தைச் சோதனை முடியும்வரை கையில் வைத்திருங்கள்.

சோதனை என்றால், பல்பு எரிகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. பல்பையும் சாதனங்களையும் கழற்றி, சுவிட்சுகளை ஆன் செய்து, மெயினை அணைத்து, 500 வோல்ட் மெக்கரில் (வயர் தோலின் காப்புத் தடையை அளக்கும் கருவி) லைனையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் வயரிங் தோற்றது. புது வீட்டில் பல பத்து மெகா ஓம் காட்ட வேண்டும். ஒன்றரை காட்டினாலே எங்கோ வயர் தோல் உரிந்திருக்கிறது அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். எர்த் ஓம் அளவையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

தங்கச்சிமடத்தில் கடற்கரையை ஒட்டிய வீடு. கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது. வந்து பார்த்தவர், "மணல்ல எர்த் நிக்காது, சாக்கெட்ல நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிடுவோம்" என்கிறார்.

அவரை மறுபடி கூப்பிடாதீர்கள். அப்படிக் கட்டிய வீட்டில் நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். தெருக்கம்பத்தில் உப்பு அரித்து நியூட்ரல் கம்பி அறுவது நம் கரையில் அரிதில்லை.

மணலில் எர்த் நிற்காது என்பதில் பாதி உண்மை. காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் உங்கள் ராமேஸ்வரம் தீவில் கொஞ்சம் தோண்டினாலே ஈர மணல் வரும். 40 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மீட்டர் நீளமுள்ள குழாயின் கீழ்ப்பகுதி அந்த ஈரத்தில் இருக்க வேண்டும். ஒன்று போதாவிட்டால் 5 மீட்டர் தள்ளி இன்னொன்று போட்டு இரண்டையும் இணையுங்கள். பக்கத்திலேயே போட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோடும், பலன் குறைவு. உள்நாட்டு வழக்கப்படி கரியோடு உப்பு மூட்டையைக் கொட்டுவார்கள். இங்கே மண்ணிலேயே உப்பு இருக்கிறது, மேலும் கொட்டினால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சீக்கிரம் இற்றுப்போகும். செம்பு பூசிய கம்பியும் பென்டோனைட் களிமண்ணும் போடுங்கள், செலவு கூடினாலும் நிற்கும்.

பெரும்பாலும் முதலில் போவது குழாய் இல்லை, அதன் தலையிலுள்ள போல்ட். குழி மூடியைத் திறந்து பாருங்கள்: பச்சைக் களிம்பும் துருவுமாக இருந்தால் கோளாறு அங்கேதான். உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) போட்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். ஆண்டுக்கொருமுறை கோடையில் எர்த் டெஸ்டரில் அளந்து பாருங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் அளந்தால் எந்தக் குழியும் நல்லவன் வேஷம் போடும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு) இல்லையென்றால் எர்த் வேலையோடு அதையும் மாட்டிவிடுங்கள். அதுவரை கிரைண்டரைப் பிளக்கிலிருந்து கழற்றியே வையுங்கள்.

தொண்டியில் எங்கள் வீட்டு ஆர்சிசிபி மழை ராத்திரியில் மட்டும் விழுகிறது. எல்லா எம்சிபியையும் அணைத்தாலும் நிற்கவில்லை. ஆர்சிசிபியையே எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஒற்றைத் துருவ எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் போனால் தானே விழும் சுவிட்சு) லைனை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். அதனால் எம்சிபிகளை அணைத்தும் விழுகிறது என்றால் ஏதோ ஒரு நியூட்ரல் ஈரத்தில் எர்த்தைத் தொடுகிறது. மெயினை அணைத்துவிட்டு, டிபியில் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கு எதிராக மெக்கரில் அளந்தால் ஆள் அகப்படுவார். கேட் விளக்கு, மொட்டைமாடி சாக்கெட், மோட்டார் பெட்டி, இந்த வரிசையில் சந்தேகப்படச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளிலும் விழ ஆரம்பித்தால், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு லைனோடு கலந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணை. குளத்து நீரில் காற்றைக் கலக்கும் 2 குதிரைத்திறன் ஏரேட்டர் நான்கு, மூன்று பேஸ். கரையிலிருந்து 100 மீட்டர். ஒரே கேபிளில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டாம். ஒரு மோட்டார் சுமார் மூன்றரை ஆம்பியர் இழுக்கும், நான்குக்கும் 14. அந்த நீளத்தில் 14, 15 வோல்ட் குறையும். விடியற்காலையில் லைன் வோல்டேஜும் இறங்கியிருந்தால் மோட்டார் கிளம்பத் திணறிச் சுருள் கருகும். அந்த நேரத்தில்தான் குளத்தில் ஆக்சிஜனும் குறைவு. 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். ஒவ்வொரு ஏரேட்டருக்கும் தனி ஓவர்லோடு ரிலே (சுமை மீறினால் மோட்டாரை நிறுத்துவது), தனி நாலு துருவ ஆர்சிசிபி வையுங்கள். நான்குக்கும் ஒன்றே வைத்தால் ஒன்றில் கசிவு வந்ததும் நான்கும் நிற்கும். பிறகு வேலையாள் ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாக இணைத்துவிடுவார், பண்ணைகளில் ஆள் சாவது அப்படித்தான். கேபிள் இணைப்பு எதுவும் தண்ணீரிலோ வரப்பிலோ கிடக்கக்கூடாது. கம்பத்தில் உயரத்தில், தூசியும் தண்ணீரும் புகாத பிளாஸ்டிக் ஐபி65 பெட்டிக்குள், கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்டோடு இருக்கட்டும். இரும்புப் பெட்டி வாங்காதீர்கள், நம் உப்புக்காற்றில் தாழ்ப்பாள்தான் முதலில் உதிரும்.

சாயல்குடியில் என் தம்பி ஆறு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறான். ஐடிஐ படிக்கவில்லை. அவனுக்குச் சான்று கிடைக்க வழி உண்டா?

உண்டு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங்கில் 5 ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். அறிவிப்பு வரும்போது அருகிலுள்ள அரசு ஐடிஐயில் விசாரிக்கச் சொல்லுங்கள். கை பழகியவர்கள்கூடச் செய்முறைத் தேர்வில் தடுமாறுவது மெக்கர் பிடிப்பதிலும் சர்க்யூட் வரைவதிலும்தான், அதை இப்போதே பழகட்டும்.

மண்டபத்தில் வாடகை வீடு. சுவிட்சு மாற்றவும் உரிமக்காரர் வர வேண்டுமா?

தேவையில்லை. 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டில் பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்சு ஆகியவற்றை அதே அளவில் மாற்றுவதற்கு விதியிலேயே விலக்கு உண்டு. 6 ஆம்பியர் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் வைத்து ஹீட்டர் மாட்டினால் அந்த விலக்கு பொருந்தாது. உள்ளே இருக்கும் ஒல்லி வயர் சூடேறும், வீட்டுக்காரரைக் கேட்டுத் தனி லைன் இழுக்க வேண்டும்.